"ஃபார்வர்டுதானே செய்தேன்?" – வக்கீல் நோட்டீஸ் வந்த வாசகருக்கு ஒரு பதில்

திருச்சியிலிருந்து 63 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தனியார் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். காபியோடு உட்கார்ந்தால் பொழுது விடிவதே வாட்ஸாப்பில்தான். அபார்ட்மென்ட் குழு, பள்ளி நண்பர்கள், கோயில் திருப்பணி, நடைப்பயிற்சி, சொந்தக்காரர்கள் என்று 14 குழுக்களில் இருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அபார்ட்மென்ட் குழுவில் ஒரு பெண்ணின் ஃபோட்டோவும் குரல் பதிவும் வந்தன. பி பிளாக்கில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண் அவர். "அந்தக் காலனிக்காரி நாலு பவுன் சங்கிலியைத் தூக்கிட்டா, ஒரு கும்பலோட சுத்துறா, எந்த வீட்லயும் சேக்காதீங்க" என்கிறது குரல். வாசகர் அதைத் தன்னுடைய நான்கு குழுக்களுக்கு அனுப்பினார். பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள், ஒருவர் "நல்ல வேளை சொன்னீங்க சார்" என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை, அந்தச் சங்கிலி வீட்டுக்காரருடைய பீரோவிலேயே, மடித்து வைத்த புடவைக்குள் கிடைத்தது. "செயின் கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரியும் இரண்டு கும்பிடும் குழுவில் வந்தன. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் வாசகர் தன் செய்திகளை அன்றைக்கே நீக்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் எழுத்து மூலம் மன்னிப்பும் இரண்டு லட்ச ரூபாய் இழப்பீடும் தர வேண்டும், இல்லையென்றால் அவதூறு வழக்கு. அந்தப் பெண்ணுக்கு மூன்று வீட்டு வேலையும் போய்விட்டது. அவருடைய மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவுக்கும் அந்த ஃபோட்டோ போய்விட்டது. "நான் எழுதவில்லை, பேசவில்லை, நல்ல எண்ணத்தில் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன். எழுதியவனை விட்டுவிட்டு என்னை ஏன் பிடிக்கிறார்கள்? நண்பர்கள் பதிலே போட வேண்டாம் என்கிறார்கள். குழுக்களில் இருந்து வெளியேறி ஃபோனையும் மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் வழி இருக்கிறது, முதலில் அதை நம்புங்கள். ஆனால் அந்த வழிக்குப் போக, நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சிலவற்றை விட வேண்டியிருக்கும்.

அனுப்பியவரும் பொறுப்புத்தான்

அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டம் இது. ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் சேதியை உருவாக்கினாலும் குற்றம், வெளியிட்டாலும் குற்றம். மூன்றாவது மனிதர் ஒரே ஒருவருக்குத் தெரியப்படுத்தினால்கூடச் சட்டத்தின் கண்ணில் அது வெளியிட்டதுதான். உங்கள் நான்கு குழுக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபார்வர்டு பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே பேசியிருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். அதை அவர் எழுதவில்லை. படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அப்படியும் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, அதனால் வரும் சேதத்துக்கு அனுப்பியவர்தான் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "நான் எழுதவில்லை" என்ற ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"66ஏ பிரிவையே கோர்ட் ரத்து செய்துவிட்டதே" என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ரத்தானது உண்மைதான். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அவதூறு வேறு சட்டம். அது செல்லும் என்று 2016-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுதியவரை ஏன் விட்டார்கள் என்றால், விட்டதாகவே தெரியவில்லை. அவருக்கும் தனியாக நோட்டீஸ் போயிருக்கலாம். போகாவிட்டாலும், யார்மேல் வழக்குப் போடுவது என்பது பாதிக்கப்பட்டவருடைய முடிவு. உங்களைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கோயில் குழுவில் இருந்த ஒருவர் மூலம்தான் அது மகளின் பள்ளிக்குப் போயிருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேலை போனதைவிட அதுதான் பெரிய அடியாக இருந்திருக்கும்.

"நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்"

உங்கள் கடிதத்தில் இந்த வார்த்தை ஏழு இடத்தில் வருகிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் சட்டம் சொல்லும் நல்லெண்ணம் மனதில் இருந்தால் மட்டும் போதாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நியாய சன்ஹிதாவின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பிறரை எச்சரிப்பதற்காகச் சொன்னால் அவதூறு ஆகாது என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அதற்குள் நுழையவும் இந்தக் கவனம்தான் சாவி. அந்த வீட்டுக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டீர்களா? போலீஸில் புகார் கொடுத்தார்களா என்று கேட்டீர்களா? பி பிளாக் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடை.

இன்னொன்று. "ஏதோ ஒரு தடவை விரல் பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஃபார்வர்டு ஆகி வந்த செய்தியை வாட்ஸாப்பில் ஒரே அழுத்தில் நான்கு குழுக்களுக்கு அனுப்ப முடியாது, ஒரு தடவைக்கு ஒரு குழுதான். அப்படியானால் நான்கு முறை தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முதலில் கேட்பார். உங்கள் பதிலில் "தவறுதலாக" என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கட்டுப்பாடுகள் எதற்காக வந்தன என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் வண்டியை நிறுத்தியது. அந்தக் குடும்பத்தில் இருந்த 65 வயது அம்மா, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் திரிகிறது என்று அதற்குச் சில வாரங்களாக வாட்ஸாப்பில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் இதே மாதிரி வதந்தியில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம்தான் ஃபார்வர்டு செய்ய இந்தியாவில் ஐந்து பேர் என்ற வரம்பை வாட்ஸாப் கொண்டுவந்தது. அந்தச் செய்திகளை அனுப்பியவர்களைக் கேட்டிருந்தால், அவர்களில் பலரும் "எச்சரிக்கைக்காகத்தான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன சொல்

"காலனிக்காரி என்றெல்லாம் அதில் வருகிறது, நான் அதைக் கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். நம் மாநிலத்தில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணமும் அதுதான்.

அந்தப் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வரலாம். சாதியின் காரணமாக இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா, வாட்ஸாப் குழு பொதுமக்கள் பார்வையில் உள்ள இடமாகுமா என்பதெல்லாம் ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். வழக்கு நிச்சயம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை போடுகிறது. ஆகவே நோட்டீஸில் இந்தச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்களா என்று மறுபடி படித்துப் பாருங்கள். சொல்லியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நோட்டீஸையும் அந்தக் குரல் பதிவையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் கடிதம் மூலம் நான் சொல்வது போதாது.

ஃபோனை மாற்றாதீர்கள்

நீங்கள் கேட்டதிலேயே இதுதான் ஆபத்தான யோசனை. நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது தனிக் குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. இன்றைக்கு உங்கள்மேல் இருப்பது ஒரு நோட்டீஸ் மட்டும்தான். ஃபோனைத் தொலைத்துவிட்டால் புதிதாக ஒரு சந்தேகத்தை நீங்களே தலையில் எடுத்து வைத்துக்கொள்வீர்கள்.

செவ்வாய்க்கிழமையே நீக்கிவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் "எனக்கு மட்டும் நீக்கு" என்பதை அழுத்தியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஏனென்றால் "என் ஃபோனில் இப்போது இல்லை, மற்றவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வயதான சொந்தக்காரர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. அனுப்பி இரண்டு நாள் 12 மணி நேரத்துக்குள் "எல்லோருக்கும் நீக்கு" என்பதை அழுத்தியிருந்தால் குழுவிலிருந்தே போயிருக்கும். இப்போது அந்த நேரம் தாண்டிவிட்டது. வாட்ஸாப்பில் பேசுவதை வெளியில் யாரும் படிக்க முடியாது என்ற தைரியமும் இங்கே உதவாது. குழுவில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சட்டம் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தால் அதுவே சாட்சியம்.

பேசாமல் இருந்தால் அடங்கிவிடுமா?

"வீட்டு வேலை செய்கிற பெண், கோர்ட்டு கேஸென்று எத்தனை நாள் அலைவாள்" என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னாராம். அவருக்குச் சட்டமும் தெரியவில்லை, அந்தப் பெண்ணையும் தெரியவில்லை. வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் கொடுத்த உரிமை. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும். செலவு தாங்காமல் அவர் விட்டுவிடுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

காலமும் அவர் பக்கம்தான். குற்றவியல் புகார் கொடுக்க மூன்று வருடம், இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட ஒரு வருடம் இருக்கிறது. அவதூறில் போலீஸ் நேராக வந்து கைது செய்வதில்லை. மாஜிஸ்திரேட்டிடம் புகார் போகும், அவர் அதைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதிகபட்சம் இரண்டு வருட வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அதனால் நாளைக் காலை கதவைத் தட்டுவார்களோ என்று அவதூறு வழக்குக்காகப் பயப்பட வேண்டாம். நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் பின்னால் நீதிபதி முன் நிற்கும்போது, "தவறு என்று தெரிந்த பிறகும் இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்ற ஒன்று உங்கள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் சொல்லும் வழி

மறுத்துப் பதில் அனுப்புவது ஒரு வழி. நிறைய வழக்கறிஞர்கள் அதைத்தான் சொல்வார்கள். மன்னிப்பு என்பது ஒப்புதல் ஆகிவிடும் என்ற அவர்கள் கவலை நியாயமானதுதான். மன்னிப்புக் கேட்டதால் மட்டும் வழக்கு தானாகப் போய்விடாது என்பதை மேலே சொன்ன வழக்கிலும் பார்த்தோம். ஆனாலும் உங்கள் விஷயத்தில் மறுப்பது வீண் என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பியது நூறு பேர் ஃபோனில் இருக்கிறது, சங்கிலி கிடைத்ததும் குழுவிலேயே இருக்கிறது. எதை மறுப்பீர்கள்? அவதூறு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அவர் முதலில் கேட்டிருப்பதும் மன்னிப்பைத்தான்.

உங்கள் வழக்கறிஞரிடம் பேசிய பிறகு, முதல் வேலையாக அந்த நான்கு குழுக்களிலும், அபார்ட்மென்ட் குழுவிலும் ஒரு திருத்தம் போடுங்கள். இப்படி இருக்கலாம்: "சென்ற மாதம் ஒரு பெண்ணின் ஃபோட்டோவையும் குரல் பதிவையும் நான் குழுக்களில் பகிர்ந்தேன். அதில் சொன்னது பொய். திருட்டே நடக்கவில்லை, சங்கிலி அந்த வீட்டிலேயே இருந்தது. விசாரிக்காமல் பகிர்ந்தது என் தவறு. இனி யாரும் அதைப் பகிர வேண்டாம். முன்பு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இந்தச் செய்தியையும் அனுப்புங்கள்." இதில் "யாராவது புண்பட்டிருந்தால்" என்று எழுதாதீர்கள். புண்பட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். "எல்லோரும் அழித்துவிடுங்கள்" என்றும் எழுதாதீர்கள், சாட்சியத்தை அழிக்கச் சொன்னதாக ஆகிவிடும்.

அப்புறம் நோட்டீஸ் அனுப்பிய வழக்கறிஞருக்கு, 15 நாள் முடிவதற்குள், உங்கள் வழக்கறிஞர் மூலம் பதில் போகட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முன்பே உட்கார்ந்து பேசலாம் என்று அதில் கேளுங்கள். அங்கே சமரசத்தில் பேசுவது ரகசியம், வழக்கில் உங்களுக்கு எதிராக எடுத்து வைக்க முடியாது. மன்னிப்பு ஒப்புதல் ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு இதுவே மருந்து. இரண்டு லட்சம் அதிகம் என்கிறீர்கள். தொகை பேசி முடிவு செய்யக்கூடியது. ஆனால் தொகையில் பேச்சைத் தொடங்காதீர்கள். மூன்று வீட்டிலும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் வாங்கியவர், இன்றுவரை வேலை இல்லாமல் இருக்கிறார் என்று நோட்டீஸே சொல்கிறது. அந்தக் கணக்கை முதலில் நேர் செய்வதாகச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்கத் தோன்றியது நல்ல மனசு. ஆனால் இப்போது அவர் வீட்டுக்குப் போகாதீர்கள், அசோசியேஷன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகவே போகாதீர்கள். வசதியுள்ளவர்கள் நாலு பேர் வாசலில் வந்து நின்றால் அது மிரட்டலாகத்தான் தெரியும். சமரச மேசையில், அவருடைய வழக்கறிஞரும் இருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் செகரட்டரி, குழு அட்மின் என்பதால் தனக்கும் சிக்கல் வருமோ என்று கேட்கச் சொன்னாராம். மற்றவர்கள் போடும் பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஃபோட்டோவைப் பிரின்ட் போட்டு வாட்ச்மேன் அறையில் ஒட்டியது அசோசியேஷன். அதற்கு அவர்களேதான் பதில் சொல்ல வேண்டும். அதைக் கிழித்துப் போடாமல், எடுத்துச் செகரட்டரியிடம் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்குச் சொன்ன உத்தரவையும் எழுத்து மூலம் திரும்பப் பெறச் சொல்லுங்கள். நீங்களும் கமிட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு 15 நாள் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

உங்கள் தனிமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை நாலரை மணிக்கு அந்த ஃபோனைத் தவிர உங்களோடு பேச வேறு யாருமில்லை என்று எழுதிய இடத்தில் எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்தப் பதினோரு கட்டைவிரல்களும் "நல்ல வேளை சொன்னீங்க சார்" என்ற வரியும் உங்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று புரிகிறது. வேலையில் இருந்தபோது நாலு பேர் தேடி வந்த மனிதர் நீங்கள். குழுக்களை விட்டு ஓட வேண்டாம். நடைப்பயிற்சிக் குழுவை ஃபோனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், காலையில் அவர்களோடு எழுந்து நடக்கப் போங்கள். ஒரு செய்தி வந்தால் அதில் பெயரோ முகமோ உள்ள மனிதர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அது உண்மை என்று உங்களுக்கே நேரடியாகத் தெரிந்தால் ஒழிய உங்கள் கையோடு நிற்கட்டும். நிஜமாகவே திருட்டு என்று சந்தேகம் வந்தால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே உண்மையான சந்தேகத்தோடு, கவனமாகச் சொல்லும் புகாருக்குச் சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது.

இன்னும் ஒரு சின்ன விஷயம். நான்கு பக்கக் கடிதத்தில் "அந்தப் பெண்", "வேலைக்காரப் பெண்" என்றுதான் வருகிறது, அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. நோட்டீஸின் முதல் வரியில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் போடும் திருத்தத்தில் அந்தப் பெயர் வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யாமல், அவருடைய வழக்கறிஞர் மூலம் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் போடுங்கள். வேண்டும் என்று சொன்னால், முழுப் பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல், "திருமதி" சேர்த்து எழுதுங்கள். எப்படியானாலும் அந்த ஃபோட்டோ மட்டும் மறுபடி வர வேண்டாம்.